நின்றது மாதவிலக்கு மட்டுமல்ல

விருத்தாசலத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



ஒரு தாயின் நினைவாக, பெண்களின் உடல்நலம் பற்றி ஆண்டுதோறும் ஒரு சொற்பொழிவு நடக்க வேண்டும் என்று அவர் குடும்பத்தார் இந்த அறக்கட்டளையை வைத்திருக்கிறார்கள். இத்தகைய மேடைகளில் பேறுகாலம், இரத்தசோகை, மார்பகப் புற்றுநோய் ஆகியவற்றைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. நான் எடுத்துக்கொண்டிருப்பது அதிகம் பேசப்படாத ஒன்று: நாற்பது வயதுக்கு முன்பே சினைப்பை தன் வேலையை நிறுத்திக்கொள்ளும் நிலை. அழைப்பிதழில் ‘முன்கூட்டிய சினைப்பைச் செயலிழப்பு’ என்று அச்சிட்டிருக்கிறார்கள்.

இந்த நோயைப் பற்றிப் பேச்செடுத்தாலே குழந்தையின்மை மருத்துவமனைதான் நம் நினைவுக்கு வருகிறது. குழந்தைக்காக ஏங்குபவர்களின் குறை இது என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். இரண்டு பிள்ளை பெற்று, குடும்பக் கட்டுப்பாடும் செய்துகொண்ட பெண்ணுக்கு முப்பத்து மூன்று வயதில் மாதவிலக்கு நின்றுபோனால் அதை யார் நோய் என்கிறார்கள்? ‘தொல்லை விட்டது’ என்று அவள் நினைக்கிறாள். வீட்டில் யாரும் கேட்பதில்லை. சுகாதார நிலையத்துப் பதிவேட்டிலும் அதற்கென்று ஒரு கட்டம் இல்லை. ஆனால் அவளுடைய எலும்பும் இதயமும் அன்றிலிருந்தே பாதுகாப்பை இழக்கின்றன. குழந்தை பெறும் தேவை முடிந்த பிறகும் பெண்ணுக்குச் சினைப்பை வேண்டும். இன்றைக்கு நான் சொல்ல வந்தது இதுதான்.

சூளைச் சூடு என்று நினைத்தவர்

இந்த ஊர்த் தொழிலை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டும்போது கிடைக்கும் வெள்ளைக் களிமண் இங்கே ஃப்யூஸ் கட்டையாகிறது, இன்சுலேட்டராகிறது, ஜாடியாகிறது, நவராத்திரிக்குக் கொலு பொம்மையாகிறது. அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மையின் ஓரப் பிசிரைச் சீவித் துடைத்துப் பலகையில் அடுக்கும் வேலையில் பெண்கள் நிறைய இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒருவர் என்னிடம் வந்தார். அடையாளம் தெரியாமலிருக்க வயதையும் வேலையையும் சற்று மாற்றிச் சொல்கிறேன்.

வயது முப்பத்தாறு. அடிக்கடி நீர்க்கடுப்பு என்றுதான் வந்தார். வலது மணிக்கட்டில் புத்தூர்க் கட்டு. பலகையைத் தூக்கும்போது கால் இடறி, கையை ஊன்றியதில் எலும்பு முறிந்துவிட்டதாம். சமதரையில் விழுந்து மணிக்கட்டு முறிவது அறுபது வயதில் நடக்கும். முப்பத்தாறில் நடந்தால் யோசிக்க வேண்டும்.

“கடைசியா எப்பம்மா தலைக்கு ஊத்திக்கிட்ட?”

“அதெல்லாம் நின்னு மூணு வருஷம் ஆவுதுங்க டாக்டரம்மா. ரெண்டு புள்ளைங்க, ஆபரேஷனும் பண்ணியாச்சு. நின்ன வரைக்கும் நல்லதுன்னு உட்டுட்டேன்.”

“உடம்பு திடீர்னு சூடாவுதா?”

“சூளைகிட்ட வேலைங்க. சூடு இல்லாம எப்படி?”

“ராத்திரியில?”

கொஞ்சம் யோசித்தார். “ராத்திரியிலயும்தாங்க. ஜாக்கெட்டெல்லாம் நனைஞ்சு எழுந்து உக்காந்துடுவேன். வீட்ல எல்லாரும் போத்திக்கிட்டுத் தூங்குவாங்க, எனக்கு மட்டும் வேர்த்து ஊத்தும்.”

சினைப்பை ஓய்ந்தால் எகிறும் எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோனின் அளவு அவருக்கு எண்பதைத் தாண்டியிருந்தது. சினைப்பை ஓய்ந்து மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த மூன்று ஆண்டுகளில் நீர்க்கடுப்புக்கு ஒரு மருத்துவர் ஆன்டிபயாடிக் கொடுத்திருக்கிறார், தூக்கமில்லை என்றதற்கு இன்னொருவர் தூக்க மாத்திரை, படபடப்புக்கு இ.சி.ஜி.; மூட்டு வலிக்கு ஊசி. தாம்பத்தியத்தில் வலி வந்ததால் கணவரை ஒதுக்கி, அது சண்டையாகி, கோயிலில் பரிகாரமும் செய்தாயிற்று. இந்த ஊர் மணிமுத்தாற்றில் பன்னிரண்டாயிரம் பொன்னைப் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் தேடி எடுத்தார் சுந்தரர். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது அவருக்குப் பலித்தது, சிவபெருமானே துணை நின்றதால். நம் பெண்கள் தொலைத்தது ஓரிடம், தேடுவது பத்து இடம். பலிப்பதில்லை.

சினைப்பைக்குள் நடப்பது

பெண் குழந்தை தாயின் வயிற்றில் ஐந்து மாதக் கருவாக இருக்கும்போது அதன் சினைப்பைகளில் அறுபது, எழுபது லட்சம் கருமுட்டைகள் இருக்கும். அதற்குப் பிறகு குறைவுதான். பிறக்கும்போது பத்து முதல் இருபது லட்சம். பெரியவளாகும்போது மூன்று, நான்கு லட்சம். வாழ்நாள் முழுவதிலும் முதிர்ந்து வெளியே வருபவை நானூறு, ஐந்நூறு. மற்றவை தாமாகவே கரைந்துபோகும். இருப்பு ஏறக்குறைய ஆயிரமாகச் சுருங்கும்போது மாதவிலக்கு நிற்கிறது. இந்தியப் பெண்களுக்கு அது சராசரியாக 46 வயதையொட்டி நடக்கிறது என்று இந்திய மாதவிடாய் நிறைவுச் சங்கத்தின் நாடு தழுவிய ஆய்வு சொல்கிறது. மேலை நாடுகளில் 51. நம் பெண்களுக்கு ஏற்கெனவே ஐந்து ஆண்டு குறைவு என்பதைக் கவனியுங்கள்.

ஒவ்வொரு மாதமும் முட்டையை வளர்க்கும்படி மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோனை அனுப்புகிறது. சினைப்பை ஈஸ்ட்ரோஜனைச் சுரந்து பதில் சொல்கிறது. இங்கே வந்திருக்கும் பீங்கான் தொழில்நுட்ப மாணவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சூளையில் சூடு ஏறவில்லை என்றால் தீ போடுகிறவர் மேலும் மேலும் எரிபொருளைத் தள்ளுவார். அவர் தள்ளும் வேகத்தைப் பார்த்தே உள்ளே சூடு இல்லை என்று வெளியில் நிற்பவர் சொல்லிவிடலாம். சினைப்பை பதில் சொல்லாதபோது எஃப்.எஸ்.எச். எகிறுவது அப்படித்தான்.

நாற்பது வயதுக்குள் இருக்கும் பெண்ணுக்கு நான்கு மாதங்களுக்கு மேல் மாதவிலக்கு வராமலோ தாறுமாறாகவோ இருந்து, எஃப்.எஸ்.எச். 25-க்கு மேல் இருந்தால் இந்த நோய் என்று முடிவு செய்யலாம். ஐரோப்பிய மனித இனப்பெருக்க மருத்துவச் சங்கம் மற்ற அமைப்புகளோடு சேர்ந்து 2024-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறி இப்படிச் சொல்கிறது. முன்பு ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை பார்க்கச் சொன்னார்கள். ஐயம் இல்லாவிட்டால் இப்போது ஒரு முறை போதும். நூறு பெண்களில் ஒருவருக்கு வரும் என்பது பழைய கணக்கு. அதே நெறி இப்போது 3.5 சதவீதம் என்கிறது.

இங்கே மூன்று எச்சரிக்கைகள். முதலில் கர்ப்பமா என்று பார்த்துவிட வேண்டும். அடுத்து, கருத்தடைக்காக அந்தரா ஊசியோ சாயா மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்களுக்கு அவற்றாலேயே மாதவிலக்கு தள்ளிப்போகும். மூன்றாவது, ‘நீர்க்கட்டி’. மாதவிலக்கு தவறினாலே நீர்க்கட்டிதான் என்று முடிவுகட்டி, உடம்பைக் குறை என்று அனுப்பிவிடுகிறோம். நீர்க்கட்டி உள்ள சினைப்பையில் முட்டைகள் ஏராளம். இந்த நோயில் இருப்பே இல்லை. இரண்டையும் பிரித்துக் காட்ட ஒரு குழாய் இரத்தம் போதும்.

இந்தியாவில் எத்தனை பேர்? பெங்களூருவில் உள்ள சமூக, பொருளாதார மாற்ற ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த சியாமளாவும் சிவகாமியும் 1998–99 தேசியக் குடும்பநல ஆய்வின் தரவுகளை எடுத்துப் பார்த்தார்கள். 30–34 வயதுப் பெண்களில் 3.1 சதவீதம், 35–39 வயதில் 8 சதவீதம் பேருக்கு மாதவிலக்கு நின்றுவிட்டிருந்தது. வீடு வீடாகக் கேட்டு எழுதிய கணக்கு அது, இரத்தப் பரிசோதனை இல்லை. இருந்தாலும் ஒன்று விளங்குகிறது: பெரும்பாலும் ஏழை, கிராமத்துப் பெண்களை ஒட்டிய இந்த நிலை பெருநகரக் குழந்தையின்மை மருத்துவமனைகளின் சுவருக்குள் அடங்குவதல்ல.

ஏன் நின்றுபோகிறது?

பலருக்குக் காரணம் தெரியவே தெரியாது. எனவே ராசி, செய்வினை, ‘சூட்டு உடம்பு’ என்று அவளைக் குற்றவாளியாக்க வேண்டாம். தெரிந்த காரணங்களில் சில பிறவியிலேயே வருபவை. இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு பெண் குழந்தைகளில் ஒருவருக்கு எக்ஸ் குரோமோசோம் ஒன்று குறைந்திருக்கும். 1938-இல் ஹென்றி டர்னர் என்ற அமெரிக்க மருத்துவர் விவரித்ததால் டர்னர் நோய்க்குறி என்று பெயர். குள்ளமாக இருப்பார்கள், பலர் வயதுக்கு வருவதே இல்லை. ஃப்ராஜைல் எக்ஸ் என்ற மரபணு மாற்றத்தின் தொடக்க நிலையைச் சுமக்கும் பெண்களில் ஐந்தில் ஒருவருக்கு இந்த நோய் வரலாம். அதே குடும்பத்து ஆண்பிள்ளைகளுக்கு அறிவுவளர்ச்சிக் குறைபாடு இருக்கலாம். அத்தை மகன், மாமன் மகன் என்று சொந்தத்திலேயே கட்டிக்கொடுக்கும் நம் வழக்கத்தில் ஒடுங்கு மரபணுக்கள் ஜோடி சேரும் வாய்ப்பும் கூடுகிறது.

உடலின் எதிர்ப்பாற்றல் தன் உறுப்பையே தாக்குவது இன்னொரு காரணம். தைராய்டு கோளாறு உள்ளவர்களிடம் இதைப் பார்க்கிறோம். அட்ரினல் சுரப்பியும் சேர்ந்து பழுதாகியிருந்தால் உயிருக்கே ஆபத்து. எனவே அதையும் சோதித்துவிட வேண்டும். பொன்னுக்கு வீங்கி சில வேளை சினைப்பையையும் பாதிக்கும். புற்றுநோய்க்கும், சிறுநீரகத்தைத் தாக்கும் லூபஸ் நோய்க்கும் கொடுக்கும் சைக்ளோபாஸ்பமைடு முட்டைகளை அழிக்கக்கூடியது. இடுப்புப் பகுதிக் கதிர்வீச்சும் அப்படியே. இளம்பெண்ணுக்கு இந்தச் சிகிச்சைகளைத் தொடங்கும் முன்னர், கருமுட்டையை எடுத்து உறைய வைக்கலாமா என்று கேட்டுவிட வேண்டும். தொடங்கிய பிறகு கேட்டுப் பயனில்லை.

இந்த ஊருக்கு நெருங்கிய ஒன்று ஈயம். அமெரிக்கச் செவிலியர் நலஆய்வில் பங்கேற்ற பெண்கள் சிலரின் எலும்பில் படிந்திருந்த ஈயத்தை அளந்தார்கள். ஈயம் மிகுந்தவர்களுக்கு மாதவிலக்கு முன்னதாகவே நின்றிருந்தது. பளபளப்புப் பூச்சில் ஈயம் சேர்ப்பது உலகெங்கும் பீங்கான் தொழிலின் பழைய பழக்கம். நாளை பட்டறை நடத்தப் போகும் மாணவர்கள் ஈயமில்லாத பூச்சைத் தேர்ந்தெடுப்பதும், பூச்சு வேலை செய்த கையோடு சாப்பிட உட்காராதபடி தண்ணீரும் சோப்பும் வைப்பதும் பெண்கள் நலத்துக்குச் செய்யும் நேரடி உதவி.

கத்தியால் வரும் முதுமை

சினைப்பை தானாக ஓய்வது ஒன்று. நாமே வெட்டி எடுத்துவிடுவது இன்னொன்று. ‘பிள்ளை பெற்றாயிற்று, இனி கர்ப்பப்பை எதற்கு, வைத்திருந்தால் புற்றுநோய் வரும்’ என்ற பேச்சை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். 2015–16 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15–49 வயது இந்தியப் பெண்களில் 3.2 சதவீதம் பேருக்குக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருந்தது. எடுத்தபோது அவர்களின் இடைநிலை வயது 34. மூன்றில் இரண்டு அறுவைச் சிகிச்சைகள் தனியாரிடம் நடந்தவை. ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் விகிதம் மிக அதிகம்.

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டம் இதன் கொடிய முகம். அங்கிருந்து கரும்பு வெட்டக் கணவன் மனைவி ஜோடியாகப் போகிறார்கள். ஒரு நாள் நின்றால் கூலி போவதோடு அபராதமும் உண்டு. வயிற்றுவலி, வெள்ளைப்படுதல் என்று போனவர்களுக்குக் கர்ப்பப்பையை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். 2019-இல் மாநில அரசு அமைத்த குழுவின் கணக்கெடுப்பில் 82,309 பெண் தொழிலாளர்களில் 13,861 பேர் கர்ப்பப்பை இல்லாதவர்கள் என்று தெரிந்தது. நெல்லிக்குப்பமும் சேத்தியாத்தோப்பும் பெண்ணாடமும் உள்ள நம் மாவட்டமும் கரும்பு மாவட்டம்தான். மாதத்தில் மூன்று நாள் உட்கார முடியாத கூலிப் பெண்ணின் கணக்கு நமக்கு அந்நியமல்ல. ராஜஸ்தான், பீகார், சத்தீஸ்கர் மாநிலங்களில் நடந்த இத்தகைய அறுவைகளை எதிர்த்த வழக்கில் 2023 ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்றம், தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்க மத்திய அரசு வகுத்த நெறிகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்றது.

கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்தால் ஈஸ்ட்ரோஜன் ஒரே நாளில் விழுந்துவிடும். இயற்கையாக நிற்கும்போது பல ஆண்டுகளில் மெல்ல வருவது இங்கே தையல் பிரிப்பதற்குள் வந்துவிடுகிறது. சினைப்பையை விட்டுவைத்தால் முழுப் பாதுகாப்பா என்றால் அதுவும் இல்லை. 2011-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கர்ப்பப்பை மட்டும் எடுத்தவர்களுக்குச் சினைப்பை முன்கூட்டியே ஓயும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. மாதவிலக்கே வராது என்பதால் சினைப்பை எப்போது ஓய்ந்தது என்று அவர்களுக்குத் தெரியவும் தெரியாது. புற்றுநோய்க்கோ அடங்காத இரத்தப்போக்குக்கோ எடுக்க வேண்டி வந்தால் எடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் மாத்திரை, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் போன்ற வழிகளைப் பார்த்தாயிற்றா, சினைப்பையை விட்டுவைப்பீர்களா, எடுத்தால் பிறகு என்ன மருந்து தருவீர்கள் ஆகிய மூன்று கேள்விகளுக்குப் பதில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

எலும்பு, இதயம், மனம்

ஈஸ்ட்ரோஜன் பிள்ளைப்பேற்றுக்கு மட்டும் உரிய ஹார்மோன் அல்ல. எலும்பு ஓயாமல் கரைந்து ஓயாமல் கட்டப்படுகிறது. கரைவதை அளவோடு நிறுத்துவது ஈஸ்ட்ரோஜன். முதுகெலும்பு நொறுங்கும் பெண்களில் பெரும்பாலோர் மாதவிலக்கு நின்றவர்கள் என்பதை 1940-இல் பாஸ்டன் நகர மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட் எடுத்துக்காட்டினார். இளவயதில் சினைப்பை ஓயும் நிலையை 1942-இல் விவரித்தவரும் அவரே. முப்பதையொட்டித்தான் எலும்பு தன் முழு வலுவை எட்டுகிறது. எட்டிய உடனேயே ஈஸ்ட்ரோஜன் போய்விட்டால், அறுபதில் வர வேண்டிய முறிவு நாற்பதில் வரும்.

இதயத்துக்கு வருவோம். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் தரவுகளைத் திரட்டிப் பார்த்த ஆய்வு ஒன்று 2019-இல் லான்செட் குழும இதழில் வந்தது. நாற்பதுக்கு முன் மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு அறுபது வயதுக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வரும் அபாயம், ஐம்பதில் நின்றவர்களோடு ஒப்பிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் மலிந்த நம் நாட்டில் இது மேலும் ஒரு சுமை. பெண்களுக்கு மாரடைப்பு வராது என்று நெஞ்சுவலியை ‘வாயு’ என்று தள்ளிவிடும் வீடுகளில் இதன் விலை அதிகம்.

மூன்றாவது, மனமும் குடும்பமும். தூக்கம் கெடும். மறதி வரும். காரணமில்லாமல் அழுகை வரும். பிறப்புறுப்பு வறண்டு, உறவு வலியாகும். அதை வெளியில் சொல்லப் பெண்ணுக்கு வார்த்தை வருவதில்லை. ‘என்மேல் பிரியமில்லை’ என்று கணவன் எடுத்துக்கொள்கிறான். திருமணமாகாத இருபத்தைந்து வயதுப் பெண்ணாக இருந்தால் வீடே வாய்மூடிக்கொள்கிறது. வரன் வரும் வயது, வெளியே தெரியக்கூடாது என்று மருத்துவரிடம் போவதையே தள்ளிப்போடுகிறார்கள். பெரியவளானதற்குப் பந்தல் போட்டு, ஃப்ளெக்ஸ் வைத்து, சீர்வரிசை வாங்கிய ஊர் இது. அதே பெண்ணுக்கு மாதவிலக்கு நின்றுபோனால் தாய்க்குக்கூடத் தெரிவதில்லை.

மருந்தும் பயமும்

இங்கே கோயில் கொண்டிருக்கும் அம்மனைப் பற்றி ஒரு கதை உண்டு. பசியோடு வந்த குரு நமசிவாயர் என்ற அடியார் பெரியநாயகியைக் கிழத்தி என்று பாடிச் சோறு கேட்டார். கிழவியால் எப்படிச் சோறு கொண்டுவர முடியும் என்று அம்மன் கேட்க, அவர் மாற்றிப் பாடினார். இளையநாயகியாக வந்து அமுதளித்தாள். மருத்துவத்துக்கு அந்த வல்லமை இல்லை. ஓய்ந்த சினைப்பையை எழுப்பும் மருந்து இன்றுவரை கிடையாது. ஆனால் அது சுரக்காத ஈஸ்ட்ரோஜனை வெளியிலிருந்து கொடுக்க முடியும். மாத்திரையாகவோ, தோலில் பூசும் ஜெல்லாகவோ கொடுக்கலாம். கர்ப்பப்பை இருப்பவர்களுக்குப் புரோஜெஸ்டிரோனும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்துப் புற்றாகலாம். இயற்கையாக மாதவிலக்கு நிற்கும் வயதுவரையாவது இதைத் தொடர வேண்டும்.

‘ஹார்மோன் மாத்திரையா, புற்றுநோய் வருமே’ என்ற பயம் படித்தவர்களிடமும் இருக்கிறது. சில மருத்துவர்களிடமும் இருக்கிறது. 2002-இல் அமெரிக்காவில் பெண்கள் நல முனைப்பு என்ற பேராய்வு பாதியில் நிறுத்தப்பட்ட செய்தியிலிருந்து பிறந்த பயம் அது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் 50 முதல் 79 வயதுவரை உள்ள பெண்கள். சராசரி வயது 63. வயதான பிறகு கூடுதலாக ஹார்மோன் எடுத்துக்கொண்டவர்கள் அவர்கள். முப்பது வயதுப் பெண்ணுக்கு நாம் கொடுப்பது அவள் வயதுக்கு இருந்திருக்க வேண்டிய அளவுதான். அதனால் அவளுடைய மார்பகப் புற்றுநோய் அபாயம் சக வயதுப் பெண்களைவிடக் கூடுவதாகத் தெரியவில்லை. ஏற்கெனவே மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு இது ஆகாது. அவர்களுக்கு வேறு வழிகள் உண்டு.

செலவு? ஈஸ்ட்ரோஜன் ஜெல் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் மாலா-என் அட்டையை நீங்கள் பார்த்திருப்பீர்கள்: 28 மாத்திரைகள், அவற்றில் 21 ஹார்மோன், 7 இரும்புச்சத்து. எலும்பைக் காப்பதில் இயல்பான ஈஸ்ட்ரோஜனுக்கு இது முழு ஈடாகாது. ஆனாலும் வேறு வழியில்லாத இளம்பெண்ணுக்கு ஒன்றுமே இல்லாமல் இருப்பதைவிட நல்லது என்பதே பொதுக் கருத்து. இரத்த அழுத்தம், ஒற்றைத் தலைவலி, இரத்தம் உறையும் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது என்பதால் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

மருந்தோடு சாப்பாடும் நடையும். நாளொன்றுக்கு ஆயிரம் மில்லிகிராம் கால்சியம் வேண்டும். நூறு கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் இருக்கிறது. கூழும் மோரும் எள்ளும் கீரையும் நம் மண்ணின் உணவுதான். கடைத்தெரு டீயும் பன்னும் வந்து அவற்றைத் துரத்திவிட்டன. வெயில் படுவது, எடை தாங்கி நடப்பது இரண்டும் எலும்புக்கு உரம். எலும்பு அடர்த்தியை டெக்சா ஸ்கேனில் ஒரு முறை அளந்து வைத்துக்கொள்வது நல்லது.

குழந்தை வேண்டுவோருக்கு

குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்களின் வேதனையைச் சிறிதென்று நான் சொல்ல வரவில்லை. தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1990-இல் சென்னையில் பிறக்கக் காரணமான மருத்துவர் கமலா செல்வராஜ் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருளே முன்கூட்டிய சினைப்பைச் செயலிழப்பும் அதைக் கையாளும் முறையும்தான். சினைப்பை ஓய்ந்த ஒரு பெண், பிறர் கருமுட்டையிலிருந்து உருவான கருவைச் சுமந்த செய்தியை மெல்போர்ன் மருத்துவர்கள் 1984-இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். கர்ப்பப்பை நலமாக இருந்தால் போதும் என்று அன்று நிரூபணமாயிற்று. இந்த நோயுள்ளவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் எந்தச் சிகிச்சையும் இல்லாமலே கருத்தரிப்பதும் உண்டு. சினைப்பை சில வேளை விழித்துக்கொள்ளும். அதனால் குழந்தை வேண்டாதவர்கள் கருத்தடையை விட்டுவிடக் கூடாது.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2021-ஆம் ஆண்டு இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டப்படி 23 முதல் 35 வயதுவரை உள்ள பெண் மட்டுமே கருமுட்டை தரலாம்; வாழ்நாளில் ஒரே முறை; ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. 2022-இல் ஈரோட்டில் ஒரு சிறுமியின் கருமுட்டைகளை விற்றதாக வந்த வழக்கை மறந்துவிட முடியாது. ஒரு பெண்ணின் குறையைத் தீர்க்க இன்னொரு ஏழைப் பெண் சுரண்டப்படக் கூடாது. வாடகைத்தாய் முறையில் பிறர் கருமுட்டையைப் பயன்படுத்த 2023 மார்ச்சில் விதித்த தடையை, தம்பதியரில் ஒருவருக்கு மருத்துவக் காரணம் இருந்தால் மாவட்ட மருத்துவக் குழுவின் சான்றோடு பயன்படுத்தலாம் என்று 2024 பிப்ரவரியில் தளர்த்தினார்கள்.

இரண்டு வியாபாரங்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஒன்று, ஏ.எம்.எச். என்ற ஒரே பரிசோதனையைக் காட்டி ‘முட்டை தீர்ந்துவிட்டது’ என்று மிரட்டிப் பணம் கட்டச் சொல்வது. அது மட்டும் குறைந்திருந்தால் இந்த நோய் ஆகாது. இன்னொன்று, இரத்தத் தட்டணு ஊசி, ஸ்டெம்செல் என்று சினைப்பைக்குப் புத்துயிர் தருவதாகச் சொல்வது. ஆராய்ச்சிக்கு வெளியே அவற்றைச் செய்யும்படி 2024 நெறி பரிந்துரைக்கவில்லை. நகையை அடகு வைக்காதீர்கள்.

செய்ய வேண்டியவை

2019–21 குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டவர்கள். இருபதுகளின் நடுவிலேயே செய்துகொண்டவர்கள் ஏராளம். கர்ப்பம் தொடங்கிய நாளிலிருந்து தடுப்பூசிவரை அவளைத் தேடிவந்த செவிலியர், அந்த அறுவைக்குப் பிறகு அவளைத் தேட வேண்டிய காரணம் இல்லாமல் போகிறது. அடுத்து அவளை மருத்துவத் துறை பார்ப்பது சர்க்கரை வந்த பிறகுதான். இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் சினைப்பை ஓய்ந்தால் கேட்பார் இல்லை.

இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம், பெரிய திட்டம் வேண்டாம். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலரும், கிராம சுகாதாரச் செவிலியரும் நாற்பது வயதுக்குட்பட்ட ஒவ்வொரு பெண்ணிடமும் ஒரு கேள்வி கேட்கட்டும்: கடைசியாக எப்போது மாதவிலக்கு வந்தது? நான்கு மாதம் தாண்டியிருந்தால், கர்ப்பமும் இல்லை, கருத்தடை ஊசியும் போடவில்லை என்றால், அரசு மருத்துவமனைக்கு அனுப்பட்டும். அங்கே எஃப்.எஸ்.எச்.சும் தைராய்டும் பார்க்கட்டும். எலும்பு முறிவுப் பிரிவுக்கு வரும் இளம்பெண்ணிடம் அந்த மருத்துவரும் இதே கேள்வியைக் கேட்கட்டும்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். மகள் பதினைந்து, பதினாறு வயதாகியும் பெரியவளாகவில்லை என்றால் ‘எங்கள் வீட்டில் எல்லோரும் தாமதம்’ என்று காத்திருக்காதீர்கள். மருமகளுக்கு நின்றுபோயிற்று என்று தெரிந்தால் ஒளிக்காமல் அழைத்துக்கொண்டு வாருங்கள். கணவன்மார்களே, இரவு எழுந்து உட்கார்ந்திருக்கும் மனைவியிடம் என்னம்மா செய்கிறது என்று கேளுங்கள். அது ஊடல் என்று நினைத்துத் திரும்பிப் படுத்துக்கொள்ளாதீர்கள். பட்டறை நடத்துகிறவர்கள் ஒரு மின்விசிறியும், குடிநீரும், தாழ்ப்பாள் உள்ள கழிப்பறையும் கொடுத்தால் பாதி அவதி குறையும். கழிப்பறை இல்லாததால் தண்ணீரே குடிக்காமல் இருந்து நீர்க்கடுப்போடு வருபவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன்.

நான் சொன்ன அந்தப் பெண் இப்போது மருந்து எடுத்துக்கொள்கிறார். இரவில் தூங்குகிறார். மணிக்கட்டு கூடிவிட்டது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பே யாராவது அவரைக் கேட்டிருந்தால் அந்த எலும்பு முறியாமல் இருந்திருக்கலாம். இந்த அரங்கத்தை விட்டு வீட்டுக்குப் போனதும், நாற்பதுக்குட்பட்ட உங்கள் தங்கையிடமோ அண்ணியிடமோ மகளிடமோ அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுங்கள். பதிலில் நான்கு மாதம் என்று வந்தால், ஆறு மாதம் ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.